ஸனது மறுக்கப்பட்டவர், பட்டம் தர மறுத்தவர்

டாக்டர் தாஹா ஹுஸைன் என்ற பெயரைக் கேட்டால் நம் மதரஸா வட்டங்களில் முகம் சுளிப்போர் உண்டு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆயினும் அவருடைய ஆசிரிய வாழ்வில், ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் அறிய வேண்டிய பக்கம் ஒன்றிருக்கிறது.

1889இல் எகிப்தின் மினியா பகுதிக் கிராமமொன்றில் பிறந்த அவர், கண்ணோய்க்கு நாவிதர் செய்த வைத்தியத்தால் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். ஊர் மக்தபில் குர்ஆனை மனனம் செய்தார். மகன் ஹாஃபிழாகிவிட்டான் என்று பூரித்திருந்த தந்தை ஒருநாள் ஓதச் சொன்னபோது, சிறுவனுக்கு வாய் எழவில்லை. மனனம் செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. ‘அல்அய்யாம்’ எனும் தன்வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போதெல்லாம் நமக்குக் கூச்சம் உண்டாகிறது. பழைய பாடம் கேட்பதில் நாம்தாம் எத்தனை நாள் அசட்டையாக இருந்திருக்கிறோம்!

பின்னர் அல்அஸ்ஹரில் சேர்ந்தார். ஷைகுமார்களைத் துணிந்து விமர்சித்தார். ஆலிம் ஸனதுக்கான தேர்வில் அவரைத் தோற்கடிக்குமாறு தேர்வாளர்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்ததாக அவர் எழுதுகிறார். ஸனது கிடைக்கவில்லை. 1908இல் திறக்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் தந்தது. பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரியைப் பற்றிய ஆய்வுக்கு 1914இல் முனைவர் பட்டம் பெற்றார். பிரான்ஸில் படித்துவிட்டு 1919இல் திரும்பி, முதலில் பண்டைய வரலாறும், 1925 முதல் அரபு இலக்கியமும் கற்பித்தார்.

மறு ஆண்டே புயல் எழுந்தது. ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிதைகள் எனப்படுவனவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று அவர் நூல் எழுதினார். அவ்வளவே எனில் அறிஞர்களின் கருத்து வேறுபாடாக முடிந்திருக்கும். இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகியோரைப் பற்றிய வரலாற்றையும் அந்நூலில் ஐயத்துக்குள்ளாக்கினார். அது பெரும்பிழை, அதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை. பிற்காலத்தில் ஷைகுல் அஸ்ஹராக விளங்கிய முஹம்மத் அல்கிழ்ர் ஹுஸைன் அவர்கள் அந்நூலுக்கு மறுப்பாகத் தனி நூலே எழுதினார்கள். நூலுக்கு நூலால் விடை சொன்ன அந்த வழி நமக்கு மிகவும் உவப்பானது. வழக்கு 1927இல் கைவிடப்பட்டது. தாஹா ஹுஸைனும் அப்பகுதியை நீக்கி, வேறு பெயரில் நூலை வெளியிட்டார்.

நாம் சொல்ல வந்தது 1932ஆம் ஆண்டு நிகழ்ச்சியை. அப்போது அவர் கலைப்புலத்தின் முதல்வர். அரசியல் பிரமுகர்கள் சிலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்குமாறு இஸ்மாயீல் ஸித்கீயின் அரசாங்கம் விரும்பியது. அவர் மறுத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றப்பட்டார். அதைக் கண்டித்துப் பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபீ அஸ்ஸய்யித் தம் பதவியையே துறந்தார். தமக்கு உரிய ஸனதை அநியாயமாக இழந்த மனிதர், உரிமையற்றவருக்குப் பட்டம் தர இசையவில்லை. 1936இல் அதே முதல்வர் பதவி அவரிடம் திரும்பி வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், கிதாபுகளைப் பாதிகூட முடிக்காத ஒரு மாணவருக்கு ஸனது வழங்குமாறு நம்மிடம் வற்புறுத்தினார்கள். அவருடைய தகப்பனார் கட்டட நிதிக்குப் பெருந்தொகை தந்தவர். நாம் கையெழுத்திட்டோம். அவர் இப்போது ஓர் ஊரில் இமாமாக இருக்கிறார். சந்திக்கும்போதெல்லாம் “உஸ்தாத்” என்று அன்புடன் ஸலாம் சொல்கிறார். நாம் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, வேறு பேச்சை எடுத்துவிடுகிறோம்.