கொண்டதும் கொடுத்ததும்: கடாரம் என்னும் பெயர்

சொல்லில் சுவை காணும் அன்பரே, கடாரம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ககரமும் டகரமுமாக வல்லினத்தில் எழும் ஒலி, நெடிலில் நீண்டு, ரகரத்தில் இளகி, மகரத்தில் ஓய்ந்து விடுகிறது. இப்பெயருக்குரிய நாட்டின்மேல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர் நடத்திய படையெடுப்பும் ஏறக்குறைய அவ்வாறே ஓய்ந்தது.

அந்நாடு பினாங்குத் தமிழருக்குக் கண்ணெட்டும் தொலைவுதான். வானம் தெளிந்த நாளில் தீவிலிருந்து வடக்கே நோக்கினால் குனோங் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயர்ந்த அம்மலையை வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்கள் அடையாளமாகக் கொண்டன. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் உள்ளன. மலாய்க்காரர் அந்நிலத்தைக் கெடா என்பர். நாமும் பேச்சில் கெடா என்றே சொல்லி, மேடை ஏறியதும் கடாரம் என்கிறோம்.

இப்பெயரின் அடித்தட்டில் காழகம் என்ற வடிவம் கிடக்கிறது. புகாரின் தெருக்களில் குவிந்த பண்டங்களை அடுக்கும் பட்டினப்பாலை ஈழத்தை ஒட்டிக் காழகத்தையும் சொல்ல, உரை வகுத்த நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார். காழ் என்பது கருமை, மரத்தின் வயிரம், விதை எனப் பல பொருள் சுமக்கும் வேர்ச்சொல். அதிலிருந்தே நாட்டின் பெயர் பிறந்ததா, அயல்நாட்டுப் பெயர் ஒன்றைக் கேட்ட தமிழ்ச் செவி அதைத் தன் வேருக்கு இசைய வளைத்துக்கொண்டதா என்று ஆராய்வோர் இரு பக்கமும் உண்டு. எப்படியாயினும், இப்பெயர் தமிழுக்குள் வாளோடு வரவில்லை, சரக்கோடு வந்தது.

வடமொழியார் அதே நாட்டைக் கடாகம் என்றனர். கடாகம் என்றால் கொப்பரை. தமிழிலும் கடாரம், கிடாரம் இரண்டும் அகன்ற பெரும்பாத்திரத்தைக் குறிக்கும். நெல் அவித்த வீடுகளில் கிடாரம் என்ற சொல் இன்னும் புழங்குகிறது. 671இல் புறப்பட்ட சீனத் துறவி இட்சிங் இந்நாட்டில் தங்கிச் சென்று, தம் எழுத்தில் கச்சா என்பதை ஒத்த ஒலியால் குறித்தார். அரபு மாலுமிகள் சொன்ன கலா என்னும் துறையும் இதுவே எனக் கருதுவோர் பலர். ழகரம், டகரம், லகரம், சகரம் என இடைமெய் ஒவ்வொரு நாவிலும் ஒவ்வொரு விதமாகப் புரண்டாலும், முன்நிற்கும் ககரத்தை ஒருவரும் விடவில்லை.

இனி வாளுக்கு வருவோம். 1025 அளவில் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்தது. அவன் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் என்று ஊர்களை வரிசையாக அடுக்கிக் கடாரத்தில் வந்து முடிகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான்; வித்தியாதர தோரணம் என்னும் வாயிலும் யானைகளும் பெருஞ்செல்வமும் சோழன் வசமாயின. அன்று பிறந்த விருது கடாரங்கொண்டான். சோழநாட்டில் கடாரங்கொண்டான், கிடாரங்கொண்டான் என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் உண்டு.

விருதின் முற்பாதியை ஆராய்ந்தோர் பிற்பாதியை அவ்வளவு கவனிப்பதில்லை. கொள் என்னும் வினை தமிழில் ஓயாது உழைக்கும் வினைகளுள் ஒன்று. நாட்டைக் கைப்பற்றுவதும் கொள்வது, கடையில் சரக்கு வாங்குவதும் கொள்வது; அதனால்தான் கொள்முதல் என்கிறோம். கொண்டவன் என்றால் கணவன். கொள்வினை கொடுப்பினை என்றால் இரு குடும்பத்தார் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் உறவு. வணிகத்திலும் மணத்திலும் கொள்வதற்கு எதிரே கொடுப்பது எப்போதும் நிற்கிறது. வேந்தர் விருதில் மட்டும் கொண்டான் தனித்து நிற்கிறான். அந்த ஒற்றை வினைக்குத் துணைவினை வந்து சேர்ந்ததே இப்படையெடுப்பு முடிந்த கதை.

கொடுக்கல் முன்பே இருந்தது. கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எடுப்பிக்க, 1006 அளவில் முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்குரிய நிலமாக, அளித்தான். அத்தானத்தைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன், பின்னாளில் கடாரத்தின்மேல் படை செலுத்திய இராசேந்திரனே. படை சென்ற பிறகும் சோழர் அங்கே நிலையான ஆட்சி நிறுவியதாகச் சான்றில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வீரராசேந்திரனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தன்னை வந்தடைந்த அரசன் ஒருவனுக்காக அவன் கடாரத்தை வென்று அவனுக்கே கொடுத்ததாகக் கூறுகிறது. பெருமிதம் குறையவில்லை, ஆனால் வினை மாறிவிட்டது.

பின் 1090இல், முதலாம் குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டில், கிடாரத்தரையனின் தூதர் வந்து நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு வேண்டுகின்றனர், சோழன் அளிக்கிறான். அப்பள்ளிகளின் பெயர்களைக் கேளுங்கள்: இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி. கடாரத்தைக் கொண்டவன் பெயரைத் தாங்கிய பள்ளிக்குக் கடாரத்தான் பரிந்து பேசுகிறான். இவ்விரு கொடைகளையும் பொறித்த செப்பேடுகள் நெதர்லாந்துக்குச் சென்று லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் பெரிய, சிறிய லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

பிற்காலத்திலும் இந்நிலம் படையெடுப்புகளைக் கண்டது. 1786இல் பிரான்சிஸ் லைட் கைக்கொண்ட பினாங்கே கெடா சுல்தானின் தீவுதான். 1821இல் சயாமியர் கெடாவைத் தாக்கியபோது சுல்தான் அகமது தாஜுத்தீன் இத்தீவுக்கே தப்பி வந்தார். சயாமியர் அந்நாட்டைச் சைபுரி என்றனர். மக்கள் கிளர்ந்தெழுந்தும் அடங்கியும் மீண்டும் எழுந்தும் இருபத்தோர் ஆண்டுகள் கழிய, 1842இல் உடன்படிக்கையால் சுல்தான் திரும்பினார், பெர்லிஸ் முதலிய பகுதிகளை இழந்து. 1941 டிசம்பரில் பினாங்கைப் பிடித்த ஜப்பானியர், தம் தலைமையமைச்சர் பெயரால் இதைத் தோஜோ தீவு ஆக்கினர். 1943இல் கெடாவைத் தாய்லாந்துக்கு அளிக்க, சைபுரி என்ற பெயர் மீண்டும் ஏறியது. 1945 செப்டம்பர் 2ஆம் நாள் நெல்சன் என்னும் போர்க்கப்பலில் பினாங்கு ஜப்பானியப் படையின் சரணாகதி ஒப்பமாயிற்று. ஏற்றிய பெயர்கள் ஏற்றியவரோடு இறங்கின. பினாங்கும் கெடாவும் நின்றன.

பெயர் ஏற்றும் வழக்கம் இன்றும் ஓயவில்லை: போர் நடக்கும் உக்ரைனில் பாக்முத் என்னும் நகரை ரஷ்யர் ஆர்த்தியோமொவ்ஸ்க் என்று எழுதுகின்றனர். அப்போர் எந்நாளில், எவ்வாறு ஓயும் என்று எவரும் ஆணையிட்டுச் சொல்ல இயலாது. நம் கல்லும் செம்பும் சொல்வது இவ்வளவே: படை திரும்புவது ஒரு முடிவு, வென்றவனும் தோற்றவனும் ஒருவர் வாயிலில் ஒருவர் தூதராய் நிற்பது இன்னொரு முடிவு. முன்னதைக் களம் தரலாம். பின்னதற்குச் சோழருக்கும் கடாரத்தாருக்கும் ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

நாமோ கதையின் முற்பாதியிலேயே நின்றுவிட்டோம். 2019இல் திரைப்படம் ஒன்று கடாரம் கொண்டான் என்றே பெயரிட்டுக்கொண்டது. மேடைப் பேச்சாளர் எவரும் அவ்விருதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்காமல் இறங்குவதில்லை. ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு இருக்கிறது. சூலியா என்பது சோழர் என்பதன் திரிபு என்பார் பலர். அத்தெருவுக்கு அப்பெயர் வந்தது கடைவிரித்த தமிழ் முஸ்லிம் வணிகரால். எந்தப் படைத்தலைவனாலும் வரவில்லை. பெருமை கொள்வோம், தடையில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு 1025ஐக் கற்பிக்கும்போது 1090ஐயும் சேர்த்தே கற்பிப்போம்.