மண்ணும் கடலும் தந்த சான்றுகள்

1950ஆம் ஆண்டு திருகோணமலையில் நகரசபையார் குடிநீருக்காகக் கிணறு ஒன்று வெட்டுவித்தனர். நீரூற்றைக் காணுமுன் வெளிப்பட்டவை தெய்வத் திருமேனிகள். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புப் படிமங்கள், கோணேசர் கோயில் நின்ற மலைக்கு ஏறக்குறைய 500 யார் தூரத்தில், எத்தனையோ தலைமுறைகளின் காலடிக்குக் கீழே உறங்கிக் கிடந்தன. கிழக்கிலங்கையில் மண்வெட்டி தந்த செல்வங்களுள் இதனினும் பெரியது யாதென நான் அறியேன்.

மண்ணிலிருந்து எடுத்த ஒரு பொருள் இன்னது என்று எவ்வாறு அறியப்படுகின்றது? செப்பும் வெண்கலமும் ஈரமண்ணிற் கிடந்தாற் பச்சைக் களிம்பு ஏறும்; ஆனால் களிம்பு மட்டும் வயதைச் சொல்லாது. உருவமே பேசவேண்டும். பின்கைகளில் மழுவும் மானும், சடையிற் பிறை, நேராக நின்ற நிலை ஆகியவை சந்திரசேகரரைக் காட்டும். இறைவன் ஒரு காலை மடித்தும் ஒன்றைத் தொங்கவிட்டும் வீற்றிருக்க, இடப்பக்கம் உமையும் நடுவிற் குழந்தைக் கந்தனும் அமைந்தால் அது சோமாஸ்கந்தர். பெயர் தெரிந்தபின் காலத்தை அறிதல் வேண்டும். முடியின் உயரம், பூணூல் விழும் வகை, இடைக்கச்சின் முடிச்சு ஆகியவற்றைக் காலம் தெரிந்த பிற படிமங்களுடன் ஒப்பிடுவர். அவ்வாறு ஒப்பிடுதற்கு, பெல் என்பார் 1907–08 ஆண்டுகளிற் பொலநறுவைச் சிவாலயங்களிற் கண்டெடுத்த படிமங்கள் கொழும்பு நூதனசாலையில் இருந்தன. திருகோணமலைப் படிமங்கள் சோழர் காலக் கலைமரபின என்று அறிஞர் கொண்டனர். டாக்டர் வ. பாலேந்திரா அவைபற்றி 1953இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

அவை மண்ணுட் சென்ற காரணத்தைப் பலரும் அறிவர். 1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்களைக் கொண்டு பின்னர் கோட்டை எழுந்தது. பகைவர் வருமுன் படிமங்களை அடியார் புதைத்திருத்தல் வேண்டும். எழுதிவைத்த சாசனம் ஒன்றும் இல்லாவிடினும், அவை ஓரிடத்தில் ஒருங்கே கிடந்தமையே சாசனமாகின்றது. தனித்தனியே எங்கோ அகப்பட்டுக் கைமாறியிருப்பின், அந்த அடியாரின் செயலை நாம் எவ்வாறு ஊகித்திருப்போம்?

அக்கோயிலின் சிதைவுகள் கடலுக்குள்ளும் கிடந்தன. சுவாமி மலையின் அடியில் 1956இல் ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் சுழியோடிகள் மூழ்கி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். இந்த வில்சனே ஐந்தாண்டுகளின் பின் இன்னொரு புதையலிலும் கை வைத்தார். மலைப்பாறையில் இராவணன் வெட்டு இருப்பதுபோல, தென்கிழக்குக் கடலிலே கிரிந்தைக்கு அப்பாலுள்ள பாறைத்தொடருக்கும் சிங்கள மக்கள் இராவணன் கோட்டை என்றே பெயர் வழங்குகின்றனர். ஆங்கிலேயர் அதனை ‘கிரேற் பாசஸ்’ என்பர். 1873 முதல் அங்கே ஒரு வெளிச்சவீடு எரிகின்றது. இலங்கேசுவரன் பெயர் தொட்ட இடமெல்லாம் வில்சனுக்குப் புதையல் கிடைத்தது என வேடிக்கையாகச் சொல்லலாம்.

1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கடலடிப் படம் பிடிப்பதற்காக வில்சனும் அமெரிக்கச் சிறுவர் இருவரும் அப்பாறையருகே மூழ்கினர். அங்கே கண்டவை சிறிய வெண்கலப் பீரங்கிகளும், சிதறிய வெள்ளிக் காசுகளும், காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய கட்டிகளுமாம். கட்டி ஒன்றில் ஏறக்குறைய 1,000 காசுகள். நிறை 25 இறாத்தல் அளவில். கட்டிகளின் வடிவோ பையின் வடிவு! பை உக்கிப்போயிற்று, காசுகள் மாத்திரம் அதன் உருவை மறவாது காத்தன.

காசுகளில் இருந்த எழுத்துப் பாரசீக எழுத்து. அரசன் அவுரங்கசீப், அச்சிட்ட நகரம் சூரத்து, ஆண்டு ஹிஜ்ரி 1113. அஃது 1701ஆம் ஆண்டு யூன் முதல் 1702ஆம் ஆண்டு மே வரை செல்லும் ஆண்டு. ஆகவே கப்பல் அதற்கு முன்னர் அமிழ்ந்திருக்க இயலாது. இவ்வளவையும் ஒரு காசே சொல்லிவிடும். ஆயிரம் காசுகள் சேர்ந்து சொல்வது வேறொன்று. சந்தையிற் புழங்கிய பணத்தை ஒருவன் பையிற் கட்டினால், அதிற் பல ஊர்க் காசும் பல ஆண்டுக் காசும் கலந்திருக்கும். தேய்ந்ததும் தேயாததும் இருக்கும். இங்கேயோ ஒரே ஊர், ஒரே ஆண்டு. அக்கசாலையிலிருந்து நேரே பையிற் கட்டிக் கப்பலேற்றிய வணிகப் பணம் இது என்பது அதனாலன்றோ துணியப்பட்டது? கடற்கரையில் யாரோ ஒருவர் கட்டியை உடைத்துத் தட்டாரிடம் ஒவ்வொரு காசாக விற்றிருப்பின், வெள்ளியின் விலை கிடைத்திருக்கும். கப்பலின் கதை போயிருக்கும். கிளார்க் இக்கதையை 1964இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க இன்று கருவி உண்டு. சுருட்டிய செப்புக் கம்பியில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால் காந்தப்புலம் தோன்றும். அருகே உலோகம் இருப்பின் அதிலும் மின்னோட்டம் எழுந்து கம்பிக்கு மறுமொழி தரும். காதில் ஒலி கேட்கும். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல், சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலிற் குண்டைத் தேட 1881இல் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். கட்டிலின் இரும்புச் சுருள்கள் அவரைக் குழப்பின என்பர். 1851இற் பொன் கண்ட அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பொன்வயல்களில் இன்று இக்கருவியுடன் உலாவுவது ஒரு பொழுதுபோக்கு. 1980இல் அங்கு ஒருவர் 27 கிலோகிராமுக்கு மேற்பட்ட பொற்கட்டியைக் கண்டார். பொன் கிடையாதவர் பழைய சுரங்கத் தொழிலாளர் தவறவிட்ட பொத்தானையும் சீனக் காசையும் வீட்டுக்குக் கொண்டுபோய் இனங்காண முயல்வர்.

எமது மாவட்டத்தில் இக்கருவிக்கு வேறொரு வாழ்வு இருந்தது. போருக்குப் பின் மிதிவெடி அகற்றியவர்கள் கையில் அதனை எம் வயல்வெளிகளிற் கண்டோம். 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடியற்றதென அறிவிக்கப்பட்டது. இப்போது அஃது இரவிலே புதையல் தேடுவோர் கையில் இருக்கின்றது. பழைய சிலையின் அடியிற் பொற்குடம் உண்டென்று நம்பிச் சிலையை உடைப்பவர் நாட்டில் எங்கும் உளர். கருவி ஒலிக்கும், ஆனால் ஒலித்தது ஆணியோ அம்மனோ என்பதை அஃது அறியாது. இடத்தைக் குழப்பி எடுத்தபின் அறிஞரும் பாதியே அறிவர்.

வாவிக்கரை மண்ணில் எளிதாக அகப்படக்கூடியது பொற்குடம் அன்று, செப்புக் காசே. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்புக்கு வந்தான். போர்த்துக்கேயர் 1628இற் கட்டிய புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றினர். அவர்களின் கீழிந்தியக் கம்பனிக் காசில் ஒரு பெரிய ‘வீ’ எழுத்தும், அதன் இரு கால்களிலும் ‘ஓ’, ‘சீ’ என்னும் எழுத்துக்களும், கீழே ஆண்டும் இருக்கும். அக்காசின் பெயர் ‘டொயிற்’. நாம் துட்டு என்பது அதிலிருந்து வந்த சொல் என்பர். அத்தகைய காசு கிடைத்தால், கோயிற் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பார் நம்மவர். பளபளப்பு வரும், ஆண்டு போய்விடும். மண்ணை மெல்லத் தட்டி, காகிதத்திற் சுற்றி வைத்தலே போதும்.

மிஷன் பாடசாலையில் நான் படித்த வேதபாடத்தில், இயேசுநாதர் ஒரு நாணயத்தை வாங்கி, அதிலுள்ள உருவமும் எழுத்தும் எவருடையவை என வினவிய கதை உண்டு. நாணயவியலின் முதற்பாடம் அந்த வினாவே. நம்மவர்க்கும் அப்பாடம் புதிதன்று. கோயிற் கருமங்களை நடத்தும் தலைவரை மட்டக்களப்பார் வண்ணக்கர் என்கிறோம். பண்டைத் தமிழில் வண்ணக்கன் என்பான் நாணயத்தின் மாற்றறிந்து சோதிப்பவன். சங்கப் புலவர் சிலர் பெயரிலும் அச்சொல் நிற்கின்றது. அகப்பட்ட பொருளை முதலிற் காட்டுதற்கு உரியவரின் பெயர் நம் கோயில்களிலேயே இருக்கின்றது!

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டப்படி மண்ணுள் மறைந்த தொல்பொருள் அரசினது. உத்தரவுச்சீட்டின்றித் தேடி அகழ்தல் குற்றம். இதனைச் சொன்னவுடன் பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். “சொன்னாற் காணியும் போய்விடும், தம்பி” என்பர். அந்த அச்சம் காரணமற்றதன்று. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டோருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இருக்கவில்லை. பன்மொழி பேசும் மாகாணத்தின் சான்றுகளை ஒரு சாராரே வாசித்தல் எவ்வாறு நீதியாகும்?

ஆயினும் ஒளித்துவைப்பது மறுமொழியாகாது. ஒளித்த பொருளுக்கு இடம் இல்லை, ஆழம் இல்லை, உடன் கிடந்த பொருள் இல்லை. பேரன் காலத்தில் அஃது எந்த வயலில் வந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. அகப்பட்ட இடத்திலேயே படம் பிடித்து, ஆழத்தை அளந்து, நாள் குறித்து, கிராம உத்தியோகத்தர் முன்னும் கோயிற் பரிபாலகர் முன்னும் பலர் அறியக் காட்டியபின் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். நமது ஊரிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்குள்ள ஆசிரியரிடமும் படத்தைக் கொடுத்துவைக்கலாம். பலர் கண்ட பொருளைச் சிலர் மாற்றிச் சொல்லுதல் அரிது.

திருகோணமலையில் நடந்ததும் அதுவே. 1940ஆம் ஆண்டுச் சட்டம் 1950இலும் நடைமுறையில் இருந்தது. கிணற்றில் எழுந்த திருமேனிகளை ஒருவரும் வீட்டுக்குள் மறைக்கவில்லை. ஊரறிய எடுத்தனர்; ஊர் ஊராக ஊர்வலமாகக் கொண்டுசென்றனர்; அடியார் திரண்டு கண்டனர். மீளக் கட்டிய கோணேசர் ஆலயத்தின் குடமுழுக்கு 1963ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆந் திகதி நிகழ்ந்தது. கொழும்பு நூதனசாலைக்குப் போகாமல், அப்படிமங்கள் அங்கே பூசை ஏற்றன.