பெயரோடு பதிந்த வாக்கு

தாம்பரம், பல்லாவரம் பக்கம் நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைப் படிக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. பேருந்து நிழற்குடையின் நெற்றியில் பெரிய எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தின் கல்வெட்டிலும் இருக்கும். 1993 டிசம்பரில் தொடங்கிய தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் இன்று ஓர் எம்.பி. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரைக்கும் பணிகளைப் பரிந்துரைக்கலாம். அதே பெயர் இன்னோர் இடத்திலும் அச்சாகிறது, மிகச் சிறிய எழுத்தில். மக்களவை நடவடிக்கைக் குறிப்பில், ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்த நாளில், 'ஆம்' என்ற தலைப்பின் கீழோ 'இல்லை' என்ற தலைப்பின் கீழோ அது வரும். நாம் அவரை டெல்லிக்கு அனுப்பியது முதன்மையாக இந்த வேலைக்குத்தான். நிழற்குடை கட்ட மாநகராட்சி போதும்.

அந்தச் சிறிய எழுத்துப் பட்டியல் தானாக வந்ததில்லை. அது பிறக்க ஒரு தீ விபத்து தேவைப்பட்டது. லண்டனில் 1834-ல் பழைய நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. அதற்கு முன் அங்கே யார் எப்பக்கம் வாக்களித்தார் என்று சபை தானாக முன்வந்து வெளியிட்டதில்லை. ஒரு தரப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும், மறு தரப்பு வெளியே போகும். தலைகளை எண்ணுவார்கள், எண்ணிக்கை மட்டும் குறிப்பில் ஏறும். எரிந்த பிறகு அமைத்த சபையில் இரண்டு தாழ்வாரங்கள் வந்தன. 'ஆம்' என்பவர்கள் ஒன்றின் வழியாக, 'இல்லை' என்பவர்கள் மற்றதன் வழியாக நடக்க, வாசலில் எழுத்தர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். 1836 முதல் அந்தப் பட்டியலைச் சபையே அச்சிட்டு வெளியிட்டது. வாக்காளருக்கு அன்றுதான் முதன்முறையாக, தன் உறுப்பினர் செய்தது என்னவென்று சபையின் ஏட்டிலிருந்தே தெரிந்தது.

வெள்ளையர் இந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தபோது அது அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. 1919-ல் ரௌலட் சட்டம் டெல்லியில் ஆங்கிலேய இந்தியாவின் மத்திய சட்ட சபையில் நிறைவேறியபோது, அலுவல் சாரா இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பை மீறி அதிகாரிகளின் பெரும்பான்மையால்தான் நிறைவேறியது. சென்னை மாகாணத்தின் சீனிவாச சாஸ்திரி அங்கே எதிர்த்துப் பேசினார். இந்தியர் எவரும் கேட்காத சட்டம் அது என்று நாடே அறிந்துகொள்ள முடிந்ததற்குக் காரணம், யார் எப்பக்கம் நின்றார் என்பது தெளிவாக வெளியே வந்ததுதான். நான்கு ஆண்டு கழித்து, 1923 நவம்பரில், சென்னை சட்ட மேலவையில் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவைமீது சி.ஆர்.ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியச் சட்டமன்றங்களில் இதுவே முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பார்கள். ஆதரவாக 44, எதிராக 65. நீதிக்கட்சி அரசு பிழைத்தது.

இந்தப் பட்டியலின் அருமையை நமக்குக் கற்றுக்கொடுப்பவை இரண்டு 'ஒரே ஒரு வாக்கு'க் கதைகள். இரண்டுக்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டு.

முதல் கதை 1949. இந்தி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஆட்சிமொழி ஆனது என்று தமிழ்நாட்டு மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. இதற்கு மூலம் அம்பேத்கர் 1955-ல் எழுதிய சிறுநூல். முதலில் 78-க்கு 78 என்று சமநிலை, பின்னர் 78-க்கு 77 என்று அவர் குறிப்பிடுகிறார். ஆனால் அந்த வாக்கெடுப்பு அரசியல் நிர்ணய சபையில் நடக்கவில்லை. காங்கிரஸ் கட்சியின் உள் கூட்டத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. பெயர்ப் பட்டியல் எதுவும் மக்கள் கைக்கு வரவில்லை. அதனால் அந்த ஒரு வாக்கு யாருடையது என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அது இந்தி பற்றிய வாக்கா, எண்களின் வரிவடிவம் பற்றிய வாக்கா என்பதில்கூட ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. நம் மாநிலத்தின் அரசியலையே மாற்றிய ஒரு முடிவு. அதற்குப் பெயர் சொல்லிப் பொறுப்புக் கேட்க ஒருவரும் இல்லை.

இரண்டாவது கதை 1999 ஏப்ரல் 17. ஆதரவு 269, எதிர்ப்பு 270. வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. அந்தக் கூட்டணியிலிருந்து அதிமுக விலகியதால் வந்த வாக்கெடுப்பு அது. திமுக அரசை ஆதரித்தது. தாம்பரம் அப்போது தென் சென்னை மக்களவைத் தொகுதியில் இருந்தது, அதன் உறுப்பினர் திமுகவின் டி.ஆர்.பாலு. இந்த முறை எதுவும் மர்மமில்லை. ஒடிசா முதலமைச்சராகிவிட்ட பின்னும் எம்.பி. பதவியை விடாமல் வந்து வாக்களித்த கிரிதர் கமாங், கட்சியின் உத்தரவை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்த சைஃபுதீன் சோஸ் என்று நாடு முழுவதும் பெயர் பெயராகப் பேசியது. சோஸைக் கட்சி நீக்கியது. அவர் செய்தது சரி என்பவரும் தவறு என்பவரும் இன்றும் உண்டு. ஆனால் வாதத்தின் அடிப்படை ஊகமாக இல்லை, ஆவணமாக இருக்கிறது.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் நடந்தது என்ன? அரசியல் சாசனம் ஒரு கதவைத் திறந்தது. அதன் 100-ஆவது பிரிவு, வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையே முடிவு என்றது. 368-ஆவது பிரிவு, சாசனத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கு என்று கணக்குக் கேட்டது. 'ஆம்', 'இல்லை' என்ற கூச்சலை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. எண்ணியே ஆக வேண்டும். முதல் மக்களவையில் லண்டன் வழக்கப்படி தாழ்வாரங்களுக்கு நடந்துதான் எண்ணினார்கள். 1957-ல், இரண்டாம் மக்களவையில், தானியங்கி வாக்குப் பதிவு இயந்திரம் வந்தது. மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும், அவைக்கு வெளியே இருப்பவர்கள் ஓடி வருவார்கள், கதவுகள் அடைபடும். 'ஆம்' என்றால் பச்சை, 'இல்லை' என்றால் சிவப்பு, எப்பக்கமும் சேராதவருக்கு மஞ்சள். இயந்திரம் தவறினாலோ விட்டுப்போனாலோ உறுப்பினர் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். 2008 ஜூலை 22-ல் மன்மோகன் சிங் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் சீட்டுகளையும் சேர்த்த பிறகே 275-க்கு 256 என்ற இறுதிக் கணக்கு வந்தது.

இப்படி வளர்ந்த பட்டியலை மூன்று வழக்கங்கள் உள்ளிருந்து அரித்தன.

முதலாவது கொறடா உத்தரவு. 1985-ல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 52-ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்க வந்தது, தேவையும் இருந்தது. ஆனால் கட்சியின் கட்டளைக்கு மாறாக எந்த மசோதாவில் வாக்களித்தாலும் பதவி போகலாம் என்ற நிலையும் கூடவே வந்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், அரசின் உயிரோடும் கட்சியின் அடிப்படைக் கொள்கையோடும் தொடர்புள்ள வாக்கெடுப்புகளோடு அந்தக் கட்டளை நிற்க வேண்டும் என்ற கருத்தையும் சொன்னது. காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி அதையே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். சட்டம் மாறவில்லை. அதனால் பட்டியலில் தனி மனிதரின் மனத்தைத் தேடினால் பெரும்பாலும் கட்சியின் முடிவே கிடைக்கும்.

இரண்டாவது குரல் வாக்கெடுப்பு. யாராவது கேட்டால் எண்ண வேண்டும் என்பது விதி. 2020 செப்டம்பர் 20-ல் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது, அவற்றைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் தமிழ்நாட்டின் திருச்சி சிவாவும் ஒருவர். எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி, அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. அடுத்த ஆண்டு அந்தச் சட்டங்களே திரும்பப் பெறப்பட்டன. ஓராண்டுக்கு மேல் விவசாயிகளைச் சாலையில் உட்காரவைத்த சட்டத்துக்கு மாநிலங்களவையில் யார் யார் 'ஆம்' சொன்னார்கள் என்ற பட்டியல் கிடையாது.

மூன்றாவது, நமக்கு மிகவும் பழகிய வெளிநடப்பு. 2016 ஆகஸ்டில் ஜிஎஸ்டிக்கான சாசனத் திருத்தம் வந்தது. மாநிலத்தின் வரி உரிமை போகிறது என்று அதிமுக கடுமையாகப் பேசியது, பிறகு வெளிநடப்பு செய்தது. 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்குள் வந்திருந்தன. அப்போதைய உறுப்பினர் அதிமுகவின் கே.என்.ராமச்சந்திரன். தாம்பரம் வழியே போகும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இருபுறமும் இருக்கும் ஒவ்வொரு கடையையும் தொடும் அந்தத் திருத்தத்தில், எதிராக விழுந்த வாக்கு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு எதிர்ப்பும் வாக்குப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. கொள்கைக்காக வெளியேறியவரையும் அன்று டெல்லிக்கே வராதவரையும் அந்தப் பட்டியல் பிரித்துக் காட்டாது. சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தியிருந்தால் தமிழ்நாட்டின் மறுப்பு வரலாற்றில் எண்ணாக நின்றிருக்கும்.

பதிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலமே சாட்சி. 2019 டிசம்பர் 11-ல் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அதிமுக ஆதரித்தது, அவையில் அதற்கு 11 பேர். அந்தக் கட்சியின் வாக்குகள் எதிர்ப்பக்கம் போயிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பதை எண்களே சொல்லின. அந்தக் கேள்வி கட்சியை விடவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதிமுகவே எழுதியது. கொறடா உத்தரவு வந்துவிட்டால் பட்டியலால் பயனில்லை என்பவர்களுக்கு இதுவே பதில். தனி உறுப்பினரால் வளைய முடியாவிட்டாலும், பதிந்த வாக்கு கட்சியையே பதில் சொல்ல வைக்கிறது.

2024 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரின் வாக்காளர்கள் 23 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டிலேயே பெரிய தொகுதி. இத்தனை பேருக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு பொத்தான். அந்த ஆண்டு டிசம்பர் 17-ல் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகப்படுத்துவதற்கே வாக்கெடுப்பு கேட்டார்கள். தொகுதியின் உறுப்பினர் டி.ஆர்.பாலு எதிர்த்துப் பேசினார். ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அது சாசனத் திருத்தம், நிறைவேற மூன்றில் இரு பங்கு வேண்டும். வாக்களித்த 467 பேரில் அது 312. எண்ணியதால்தான் அந்த இடைவெளி எல்லோருக்கும் தெரிந்தது.

எம்.பி.க்களை அளக்க இன்று நாம் பயன்படுத்துவது வருகை நாள், கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள். 2005-ல் தொடங்கிய பிஆர்எஸ் என்ற சட்டமன்ற ஆய்வு நிறுவனம் இவற்றைத் தொகுத்துத் தருவது பெரிய தொண்டு. ஆனால் நூறு சதவீதம் வருகை தந்தவர் நம் ஊருக்குக் கெடுதலான ஒரு சட்டத்துக்குத் தவறாமல் 'ஆம்' சொல்லியிருக்கலாம். வருகைப் பதிவேடு அதைச் சொல்லாது.

ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கெடுப்பும், யாரும் கேட்காமலேயே, பெயரோடு பதிய வேண்டும். பொத்தானை அழுத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளிநடப்பு செய்தவர்களின் பெயரும் அதே பட்டியலில் தனித் தலைப்பில் வர வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்களின் வாக்குகள் தொகுதிவாரியாகத் தமிழில் வெளிவர வேண்டும். அதுவரை வேலை நம்முடையது. அடுத்த முறை சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ வாக்குக் கேட்டு வருபவரிடம், அவரோ அவருடைய கட்சியோ கடந்த ஐந்தாண்டில் 'ஆம்' சொன்ன மூன்று சட்டங்களையும் 'இல்லை' சொன்ன மூன்று சட்டங்களையும் கேட்போம். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு நம் வாக்கை யோசித்துக் கொடுக்கலாம்.