கடல் கடந்த டிரவுட் மீன்

தூண்டில் போடுதல் என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? ஒரு மூங்கிற்கழி, அதில் கட்டிய நரம்பு, நீரில் மிதக்கும் தக்கை, முள்ளிற் கோத்த மண்புழு, இவற்றுடன் ஆற்றங்கரையில் அசையாது குந்தியிருக்கும் ஒரு மனிதர். டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை மேல்நாட்டார் பிடிக்கும் முறை இதனின்றும் வேறானது. அதில் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி, நீர்ப்பரப்பில் வந்தமரும் பூச்சியைப்போல ஒரு பொய்ப்பூச்சி செய்கின்றனர். இறகுக்கு எடை ஏது? அதனை எங்ஙனம் எறிவது? அதனால் கயிற்றையே கனமுள்ளதாகச் செய்து, கோலை முன்னும் பின்னும் அசைத்து, சாட்டை வீசுவதுபோல் அக்கயிற்றை நீட்டி விடுகின்றனர். அதன் நுனியைத் தொடர்ந்து சென்ற பொய்ப்பூச்சி மெல்லென நீரில் இறங்குகிறது. மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பது. எனவே தூண்டிற்காரர் அதன் பின்புறமாக, ஓசையின்றி நடந்து வருவார்.

இக்கலை மிகப் பழைமையானது. கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானியர், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்னும் ஆற்றில் மக்கள் புள்ளித்தோல் மீன்களைப் பிடித்த விதத்தை எழுதி வைத்துள்ளார். முள்ளிற் சிவந்த கம்பளி நூலைச் சுற்றி, மெழுகு நிறமான சேவல் இறகுகள் இரண்டை அதனுடன் சேர்த்துக் கட்டினார்களாம்.

ஆனால், இன்று உலகில் இக்கலை நடைபெறும் ஆறுகள் பலவற்றில் டிரவுட் இயற்கையாகத் தோன்றியதன்று. மனிதன் கொண்டு வந்து விட்டது. டிரவுட்டும் அதன் உறவினமாகிய சால்மனும் வட கோளத்துக்கே உரியவை. நிலநடுக்கோட்டையொட்டிய வெந்நிறக் கடல் அவற்றுக்கு ஒரு மதில் போன்றது. அம்மதிலைக் கடந்த முதல் மீன்கள் எவ்வாறு கடந்தன என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் வரலாறு. அது ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள டாஸ்மேனியாத் தீவில் நிகழ்ந்தது.

அத்தீவிற் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் தாய்நாட்டை அங்கே மீண்டும் அமைத்துக்கொள்ள விரும்பினர். ஆறுகள் இருந்தன, நீர் தெளிந்து குளிர்ந்திருந்தது, சால்மன் மட்டும் இல்லை. அதனைக் கொணர்வதைத் தம் வாழ்வின் பணியாகக் கொண்டவர் ஜேம்ஸ் அர்ண்டெல் யூல் என்பவர். டாஸ்மேனியாவில் நிலக்கிழாராக இருந்து, பின்னர் இங்கிலாந்து சென்று தங்கியவர்.

உயிருள்ள மீனைப் பாய்க்கப்பலில் மூன்று மாதம் கொண்டு செல்ல இயலாது. சூயஸ் கால்வாய் 1869-ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. ஆகவே ஆப்பிரிக்காவைச் சுற்றியே செல்லவேண்டும். மீன் முட்டையைக் கொண்டு செல்லலாமே எனின், அது வழியிலேயே பொரிந்துவிடும். இங்கேதான் இயற்கை நூல் துணை செய்கிறது. நீர் குளிரக் குளிர முட்டை பொரியும் காலம் நீளும். அப்படியானால் பனிக்கட்டியோடு அனுப்பினால் என்ன? 1860-இல் ஒரு கப்பல் புறப்பட்டது. பனிக்கட்டி உருகிற்று, முட்டைகள் மாண்டன. 1862-இல் மற்றொரு கப்பலும் அவ்வாறே தோற்றது. ஆயினும் இரண்டாம் பயணத்தில் ஓர் உண்மை புலனாயிற்று. ஓடும் நீர்த்தொட்டிகளில் வைத்த முட்டைகளைக் காட்டிலும், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டியினிடையே வைத்த ஒரு சிறு பெட்டியின் முட்டைகள் நெடுநாள் உயிரோடிருந்தன. தோல்வியிலும் கணக்கெடுத்துப் பார்த்த கண்ணை நாம் பாராட்டவேண்டும்.

யூல் உடனே அடுத்த கப்பலைத் தேடி ஓடவில்லை. லண்டனில் வென்ஹாம் லேக் ஐஸ் கம்பெனியின் பனிக்கட்டிக் கிடங்கில் பாசியில் பொதிந்த முட்டைகளை வைத்து, குறித்த நாட்களுக்கொரு முறை பெட்டிகளைத் திறந்து பார்த்தார். மூன்று மாதம் கழிந்தும் உயிர் இருந்தது. (பனிக்கட்டி அந்நாளில் ஒரு பெரும் வாணிகப்பொருள். பாஸ்டன் நகரத்துப் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என இன்று வழங்கும் கட்டடம் அதனைச் சேமிக்க எழுந்த ஐஸ் ஹவுஸே.)

1864-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ‘நார்ஃபோக்’ என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து பாய் விரித்தது. அதில் ஏறத்தாழ 180 மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அடியில் கரி, அதன்மேல் நொறுக்கிய பனிக்கட்டி, அதன்மேல் பாசி, பாசியினிடையே முட்டைகள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை சால்மன் முட்டைகள். கப்பல் புறப்படும் தறுவாயில் ஃபிராங்க் பக்லாண்ட், ஃபிரான்சிஸ் ஃபிரான்சிஸ் என்னும் இரு மீனியல் ஆர்வலர் ஏறத்தாழ 3,000 டிரவுட் முட்டைகளையும் தந்தனர். இவை யூல் கேட்டவை அல்ல. அழையா விருந்தாளிகள் எனலாம்.

ஏப்ரல் மாத நடுவில் கப்பல் மெல்போர்ன் சேர்ந்தது. அங்கிருந்து வேறொரு கப்பலில் டாஸ்மேனியாவுக்கும், டெர்வென்ட் ஆற்றின் வழியே உள்நாட்டுக்கும் சென்ற பெட்டிகளை, இறுதியில் ஆட்கள் கழிகளில் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து பிளெண்டி என்னும் சிற்றாற்றங்கரையில் அமைத்த குளங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். கப்பலில் உடன் வந்து முட்டைகளைக் காத்த வில்லியம் ராம்ஸ்பாட்டம் என்பவரே அங்கும் பொறுப்பேற்றார். 1864 மே 4-ஆம் நாள் முதல் டிரவுட் குஞ்சு வெளிவந்தது. மறுநாள் முதல் சால்மன்.

அதன்பின் நடந்தது எவரும் எதிர்பாராதது. சால்மன் குஞ்சுகள் வளர்ந்து, தம் இயல்பின்படி கடலுக்குச் சென்றன. அவை திரும்பி வரவேயில்லை. அவற்றை வழிநடத்தும் கடல் நீரோட்டங்கள் அங்கே வேறு என்பர் சிலர். டிரவுட் குஞ்சுகளோ ஏறத்தாழ 300 மட்டுமே. அவை 1866-இல் அக்குளங்களிலேயே முட்டையிட்டன. அடுத்த ஆண்டே அவற்றின் சந்ததி நியூசிலாந்து சென்றது. இன்று உலகின் தூண்டிற்காரர் பலர் தேடிச் செல்லும் அந்நாடுகளின் ஆற்று மீன்களுக்கு மூதாதையர் இச்சில நூறு குஞ்சுகளிலேயே தொடங்கினர். குளங்களுக்கு மட்டும் ‘சால்மன் பாண்ட்ஸ்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

நம் நீலகிரியிலும் அதே காலத்தில் இம்முயற்சி நடந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1860-களில் டிரவுட்டைக் கொணர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரவுட் என்னும் வேறோர் இனத்தைக் கொண்டே வெற்றி கண்டார்.

இதுவரை சொன்னது வெற்றியின் கதை. கேட்போர் ஒரு வினாவை எழுப்பவேண்டும். டிரவுட் வருமுன் அந்த ஆறுகள் வெறுமையாகவா கிடந்தன? இல்லை. கலாக்ஸியாஸ் என்னும் செதிலற்ற சிறு மீன்கள் அங்கே வாழ்ந்தன. இன்றும் சில வாழ்கின்றன. விரல் நீளமே உள்ள அவற்றில் பல இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. தூண்டிலுக்கு இலக்காகாத அச்சிறு மீனை யூலும் அவர் நண்பரும் மீனாகவே எண்ணவில்லை போலும்! டிரவுட் அவற்றைத் தின்றது. தின்னாதவிடத்து அவற்றின் இரையைத் தான் உண்டது. பெடர் ஏரிக்கேயுரிய ஓரினம், 1972-இல் அணைநீர் அவ்வேரியை மூழ்கடித்து அயல் மீன்கள் புகுந்தபின், தன் பழைய இடத்தினின்றும் அற்றுப்போயிற்று. அறிஞர் சிலவற்றைப் பிடித்து, மீனே இல்லாத ஒரு மலையேரியில் விட்டதனால் அவ்வினம் பிழைத்தது. ஸ்வான் கலாக்ஸியாஸ் என்னும் மற்றோரினமோ, அருவியும் சதுப்பும் டிரவுட்டைத் தடுத்து நிறுத்தும் சிற்றோடைகளில் மட்டுமே எஞ்சியுள்ளது.

டாஸ்மேனியாவில் உள்நாட்டு மீன்வளத்துக்கென ஓர் அரசுத் துறை உண்டு. தூண்டிற்காரருக்காக ஏரிகளில் டிரவுட்டை விடுவதும் அத்துறையே. கலாக்ஸியாஸ் வாழும் ஓடைகளுக்குள் டிரவுட் ஏறிவிடாமற் காப்பதும் அத்துறையே.