வீட்டு ஒலிக்கருவிகளில் உருகியும் அதன் தாங்கியும்

பேச்சுவழக்கில் ப்யூஸ் எனப்படும் உருகி, தன் வழியே ஓடும் மின்னோட்டம் குறித்த அளவைத் தாண்டும்போது சூடேறி அறுந்து சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய கம்பியாகும். ஆம்ப்ளிபயர் முதலிய ஒலிக்கருவிகளில் இது பெரும்பாலும் 20 மி.மீ. நீளமும் 5 மி.மீ. விட்டமும் உள்ள கண்ணாடிக் குழலுக்குள், இருமுனையிலும் உலோகத் தொப்பியுடன் அமைந்திருக்கும்.

பிரிட்டனில் பிளக்கிற்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் உருகி உண்டு. இந்தியாவின் 6, 16 ஆம்பியர் பிளக்குகளில் அது கிடையாது. திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலுள்ள கிளியனூர் போன்ற ஊர்களில், மீட்டர் பலகையின் பீங்கான் ப்யூஸ் கட்டையோ எம்.சி.பி.யோ வீடு முழுவதன் சுமையைக் கணக்கிட்டே பொருத்தப்படுவதால், ஆம்ப்ளிபயருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு மூன்று ஆம்பியரில் கருகிப் புகைந்தாலும் அவை அசைவதில்லை. ஆகவே கருவியின் பின்புறமுள்ள சிறு உருகியே அதன் அளவுக்கேற்ற ஒரே காப்பு. அது தீயைத் தடுக்குமேயன்றி டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும் என எதிர்பார்ப்பதற்கில்லை. டிரான்சிஸ்டர் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடும்.

உருகியின் அளவை டிரான்ஸ்ஃபார்மரின் திறனிலிருந்து கணிக்க வேண்டும். உள்ளூரில் அசெம்பிள் செய்யப்படும் ஆம்ப்ளிபயர்களில் காணப்படும் 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் 240 வோல்ட்-ஆம்பியர் திறனுடையது. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் முதன்மைச் சுருளில் ஓடுவது 1 ஆம்பியருக்குச் சற்றே மிகுதி என்பது தெரியும், எனவே அங்கே 1.6 ஆம்பியர் உருகி பொருந்தும். டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியுள்ள 5 ஆம்பியரைப் பார்த்து 5 ஆம்பியர் உருகியையே போடுவது பிழை, ஏனெனில் அந்த எண் இரண்டாம் சுருளுக்கு உரியது.

சுவிட்சைப் போட்ட கணத்தில், குறிப்பாக வளைய வடிவ டோராய்டு டிரான்ஸ்ஃபார்மரில், வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து உடனே அடங்கும். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போதும் இதுவே நிகழும். இதைப் பொறுத்துக்கொள்ள, தொப்பியில் 'டி' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த தாமத உருகி வேண்டும். 'எஃப்' எழுத்துடைய விரைவு உருகி பத்து மடங்கு மின்னோட்டத்தில் 20 மில்லிசெகண்டுக்குள் அறுந்துவிடும். 'எல்' குறியுள்ள கண்ணாடி உருகி 35 ஆம்பியர், அல்லது தன் அளவைப்போலப் பத்து மடங்கு, இவற்றில் எது மிகுதியோ அதுவரையே பாதுகாப்பாகத் துண்டிக்கும். மணல் நிரப்பிய 'எச்' வகைப் பீங்கான் உருகி 1500 ஆம்பியர் வரை பாதுகாப்பாகத் துண்டிப்பதால் மின்வழங்கல் பக்கத்திற்கு அதுவே ஏற்றது.

அறுந்த உருகியின்மேல் வயரிலிருந்து பிரித்த ஓர் இழையைச் சுற்றிவிடும் பழக்கம் பரவலானது. 0.75 சதுர மி.மீ. வயரின் ஓர் இழை 0.2 மி.மீ. தடிப்புடையது, அது உருக ஏறத்தாழ 7 ஆம்பியர் தேவை.

ஸ்பீக்கர் இணைப்பில் போடும் உருகி, பேஸ் ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கேற்பச் சூடாகித் தடை மாறுவதால் ஒலியைச் சிறிதளவு சிதைக்கும். பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த உருகிகள் இசையை மேம்படுத்தும் என்னும் விளம்பரமோ, மின்கம்பத்திலிருந்து அலுமினியக் கம்பியில் வந்துசேரும் மின்சாரத்தைக் கருதும்போது, நம்பத்தக்கதன்று.

உருகியைப் பிடித்து நிறுத்தும் தாங்கி, பலகையில் பதித்துத் திருகும் மூடியுடையதாகவோ போர்டில் பற்றவைத்த இரு கிளிப்புகளாகவோ இருக்கும். முதல்வகையில் உயிர்க்கம்பியைக் கருவிக்கு உட்புறமாக நீண்டிருக்கும் கடைமுனையிலும், சுவிட்சுக்குச் செல்லும் கம்பியைப் பக்கமுனையிலும் இணைப்பது முறை. மாற்றி இணைத்தால், மூடியைக் கழற்றும்போது விரலுக்கு எட்டும் இடத்தில் மின்சாரம் நிற்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் உருகி நியூட்ரல் கம்பியில் அமைந்துவிடுவதால், அது அறுந்த பின்னும் கருவிக்குள் உயிர்மின் இருக்கும்; மூன்று பின் பிளக்கில், கம்பிகள் சரியாக இணைக்கப்பட்டிருந்தால், இதற்கு இடமில்லை. மரக்காணம், புதுச்சேரிக் கரையோர உப்புக்காற்றில் கிளிப்பின் முலாம் தேய்ந்து பச்சை படர்ந்தால் பிடிப்பு தளர்ந்து சூடேறும். சரியான அளவுள்ள உருகி காரணமின்றி அடிக்கடி அறுமாயின் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது அந்தத் தாங்கியையே.