பாடும் பாக்கியமும்

எங்க ஆச்சிக்குப் 'பாடு' என்றால் ரெண்டு அர்த்தம். ஒன்று வயல் பாடு: விடியுமுன்னே சேற்றில் இறங்கி நட்டு, களை பறித்து, அறுத்து, அடுத்தவன் களத்தில் கொண்டு குவிப்பது. மற்றது பெரிய வெள்ளியன்று கோயிலில் கேட்கும் கிறிஸ்துவின் பாடு. ஒரு பெரிய வெள்ளியில் பிரசங்கியார், பாடுகள் எல்லாம் தேவன் தரும் பாக்கியம் என்று முழங்கினார். வீடு திரும்பும் வழியில் ஆச்சி சொன்னாள்: "அந்தப் பாக்கியத்த அவருக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லு மக்கா. நடவுக்கு ஆளு கொறையுது."

அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. துன்பம் பாக்கியமா என்ற கேள்வியை இந்த மண்ணின் வரலாற்றில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நட்டாலத்து நீலகண்டன் 1712-இல் நாயர் குடும்பத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், மனமுடைந்திருந்த அவருக்கு யோபின் கதையைச் சொன்னதாகத் திருச்சபை மரபு கூறும். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் ஒட்டியிருந்த 'பிள்ளை' உதிர்ந்திருந்தது. நல்ல காரியம்.

அவர் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது அவர் தேர்ந்துகொண்ட பாடு. திரும்பிப் போக அவருக்கு ஒரு வாசல் இருந்தது; போக மாட்டேன் என்றார். எருமைமேல் ஏற்றியது அவமானமாக இருந்ததே அவர் பிறந்த சாதியின் உயரத்தால்தான்.

அதே காலத்தில், அதே சீமையில், பறையரும் புலையரும் அடிமைகள். நிலத்தோடு சேர்த்தும் விற்றார்கள், தனியாகவும் விற்றார்கள், ஒற்றியும் வைத்தார்கள். இவர்களுக்கு எந்த வாசல் திறந்திருந்தது? வேதத்தை ஏற்றாலும் அடிமை, மறுத்தாலும் அடிமை. இவர்கள் பட்ட பாட்டுக்கு எந்தப் பீடமும் இல்லை.

மயிலாடி மகாராசனைப் பாருங்கள். சாம்பவர். சிதம்பரம் போய்த் திரும்பும்போது தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டு வேதமாணிக்கம் ஆனவர். அவர் முயற்சியால் 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார்; 1809-இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. நம்ம ஆட்கள் அங்கே போனது பாடுபடவா? பாடு தீரத்தான். கூலியில்லாத ஊழிய வேலையிலிருந்து தப்ப, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க. மிஷனரிகள் 1847-இல் அடிமைகளை விடுவிக்கக் கேட்டு மன்னருக்கு மனு கொடுத்தார்கள். 1855-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பாடு பாக்கியமென்றால் மனு எதற்கு?

வேதத்தையே எடுத்துக்கொள்வோம். மலைப்பிரசங்கம் நீதிக்காகத் துன்பப்படுகிறவரைத்தான் பாக்கியவான் என்கிறது. அடிக்கிறவனின் அடியைப் பாக்கியம் என்று சொல்லவில்லை. லூக்காவில் ஏழைகளுக்கு வாழ்த்துச் சொன்ன அதே வாய், அடுத்த மூச்சில் பணக்காரருக்கு ஐயோ என்கிறது. குஷ்டரோகியிடம் 'உன் நோய் ஆசீர்வாதம்' என்று இயேசு சொன்னாரா? குணமாக்கினார். கெத்செமனேயில் அவரே தன் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். யோபின் நண்பர்கள், அவன் பாவம்தான் அவன் துன்பத்துக்குக் காரணம் என்றார்கள். முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான். போன ஜென்மத்துப் பாவம் என்று நம்மிடம் சொன்னவர்களும் அந்த நண்பர்களின் வகையறாதான்.

சபைக்குள்ளும் பாடு தீர்ந்ததா? தேவசகாயம் முழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், பின்னாளில் சாதியைப் பிரித்து உட்காரவைக்கச் சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். அது 1910-இல்தான் இடிந்தது. வெளியே, 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். இதையும் பாக்கியம் என்று சகித்துக்கொள்ளச் சொல்வார்களோ?

ஆச்சி சாகும்வரை ஜெபம் பண்ணினாள். அந்த ஜெபம்தான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது. அதை நான் பரிகசிக்க மாட்டேன். தன் பாட்டுக்குள்ளே தேவன் கூட இருந்தார் என்று பட்டவள் சொன்னால் அது சாட்சி. அதையே, படாதவன் மேடையேறி அவளுக்குச் சொன்னால் அது ஆண்டையின் குரல். ரெண்டும் ஒரே வசனமாகக் கேட்கலாம். யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நாம் ஆமென் சொல்ல வேண்டும்.