வில்லனைத் திட்டிய அம்மா

ரெண்டு நாளா மழை விடல. வயல்ல இறங்க முடியல, வரப்பை மட்டும் பார்த்துட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கேன்.

சென்னையில இருக்கிற என் மச்சினன் மகள் போன வாரம் போன்ல பேசினாள். அவங்க அடுக்குமாடியில ஒரு சீரியல் நடிகர் குடிவந்திருக்காராம். டிவியில அரிவாளும் கையுமா அலையறவர், நேர்ல லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டு "நீங்க முதல்ல போங்கம்மா"ன்னு நிக்கிறாராம். சொல்லிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் மாமா, கிராமத்துல இருக்கிறவங்க அதையெல்லாம் நிஜம்னு நம்பித்தானே நடிகர்களைத் திட்டுறாங்க?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஒரு காலத்துல நானும் இதையே நினைச்சு, எங்க அம்மாவை வருத்தப்பட வச்சவன்.

2009ன்னு ஞாபகம். அரசாங்கம் குடுத்த இலவச கலர் டிவி எங்க வீட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடை திறப்பு விழா. சீரியல்ல மருமகளைப் படுத்தி எடுக்கிற வில்லன் நடிகர் வர்றார்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. அம்மா பிடிவாதம் பிடிச்சதால கூட்டிக்கிட்டுப் போனேன்.

டிவியில பார்க்கிறதைவிட ஆள் ஒல்லி. பவுடர் வேர்வையில கரைஞ்சு கழுத்துல இறங்கிட்டு இருந்துச்சு. கூட்டம் தள்ளுது, சட்டையைப் பிடிச்சு இழுக்குது. எங்க அம்மா எப்படியோ முன்னால போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ஏன் தம்பி, அந்தப் பொண்ணை இந்தப் பாடு படுத்துறியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"

சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. குனிஞ்சு, "எழுதிக் குடுக்கிறதைப் பேசுறேம்மா. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. நீங்க வெயில்ல நிக்காதீங்க"ன்னார். கடைப் பையனைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

எனக்கு மானம் போச்சு. பஸ்ல வரும்போது, "அது நடிப்பும்மா. இதுகூடத் தெரியாதா? ஊரே சிரிக்குது"ன்னு கடிஞ்சுக்கிட்டேன். வலங்கைமான் வந்து இறங்குற வரைக்கும் அம்மா வாயைத் திறக்கல.

அவங்க சொன்ன பதில் கடைசியில வருது. இடையில கொஞ்சம் பழைய கதை பார்த்துடலாம்.

வேஷத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் டிவியோட வந்ததில்ல. பாபநாசம் பக்கத்துல இருக்கிற மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்தி சமயத்துல பாகவத மேளா நடக்கும். பிரகலாதன் கதையில நரசிம்மர் முகமூடி போடுறவர் அன்னைக்கு விரதம் இருப்பார். அந்த முகமூடிக்குப் பூஜை உண்டு. இரணியன் மேல பாயும்போது அவரை நாலு பேர் பிடிச்சு நிறுத்த வேண்டியிருக்கும். பிடிக்கிறவங்களுக்கும் அவர் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியும்.

நாடக உலகத்தின் தலைமையாசிரியர்னு சொல்லப்படுற சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) பத்தி ஒரு கதை சொல்வாங்க. அவர் எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்கள்ல பேர் வாங்கினவர். ஒரு நாள் விடியக்காலம் வேஷத்தைக் கலைக்காமலே அவர் நீர்த்துறைக்குப் போக, எதிர்ல பார்த்த பெண் அதிர்ச்சியில உயிரை விட்டுட்டாளாம். அதுக்கப்புறம் நடிக்கிறதைக் குறைச்சு, நாடகம் எழுதுறதுலயும் சொல்லிக் குடுக்கிறதுலயும் இறங்கினார்னு சொல்வாங்க. எவ்வளவு நிஜமோ, நாடகக்காரங்க மத்தியில தலைமுறையா நடமாடுற கதை.

சினிமாவுல எம்.என்.நம்பியார். திரையில சவுக்கும் கையுமா நின்னவர். நேர்ல சைவச் சாப்பாடு, குடி கிடையாது, வருஷா வருஷம் சபரிமலைக்குப் பெருங்கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போன குருசாமி. 2008 நவம்பர்ல அவர் இறந்தப்ப, "அவ்வளவு நல்ல மனுஷனா!"ன்னு ஆச்சரியப்பட்டவங்க எங்க ஊர்லயும் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல தொடங்குச்சு. எங்க தெருவுக்கு டிவி வந்தது ரொம்பப் பின்னாடி. 1987 ஜனவரி 25ல ராமானந்த் சாகரோட ராமாயணம் தூர்தர்ஷன்ல ஆரம்பிச்சப்ப, எங்க தெருவுல ஒரே ஒரு வீட்டுலதான் பெட்டி இருந்துச்சு. இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆனா கதை தெரிஞ்ச கதைதானே. ஞாயித்துக்கிழமை காலையில திண்ணை நிறைய ஆள். ராமனா நடிச்ச அருண் கோவில் எங்க போனாலும் ஜனங்க காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒருத்தர் வந்து திட்டினார்னும், அதோட அந்தப் பழக்கத்தை விட்டுட்டேன்னும் அவரே சொல்லியிருக்கார். சீதையா வந்த தீபிகா சிக்கலியாவும், ராவணனா வந்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தல்ல ஒரே கட்சியில நின்னு, ரெண்டு பேரும் குஜராத்துலேருந்து எம்.பி. ஆனாங்க. சீதைக்குப் போட்ட கையே ராவணனுக்கும் ஓட்டுப் போட்டுச்சு. வேஷம் வேற, ஆள் வேறன்னு தெரியாத ஜனமா அது?

இது நம்ம ஊர் விஷயம் மட்டுமில்ல. அமெரிக்காவுல 1969ல ஆரம்பிச்ச ஒரு தொடர்ல ராபர்ட் யங்னு ஒரு நடிகர் மார்கஸ் வெல்பிங்கிற டாக்டரா வந்தார். முதல் அஞ்சு வருஷத்துல அந்த டாக்டர் பேருக்கு ரெண்டரை லட்சம் கடிதம் வந்துச்சாம். பெரும்பாலும் வைத்தியம் கேட்டுத்தான். படிச்ச நாடு, பணக்கார நாடு. அவங்களை யாரும் கிராமத்தான்னு சொல்லல.

சினிமாவுக்கும் டிவிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. சினிமாவை நாம தேடிப் போறோம், மூணு மணி நேரத்துல எழுந்து வந்துடறோம். சீரியல்காரங்க நம்ம வீட்டுக்குள்ள வர்றாங்க. 1993 ஏப்ரல் 14ல சன் டிவி வந்த பிறகு, சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள்னு ஒவ்வொண்ணும் வருஷக்கணக்கா ஓடுச்சு. கோலங்கள் மட்டும் 2003லேருந்து 2009 வரைக்கும். நாம தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு உட்கார்ற நேரத்துல அந்த முகம் எதிர்ல இருக்கு. சொந்தக்காரன்கூட நல்லது கெட்டதுக்குத்தான் வருவான்.

இதுல நடிகர் பாடுதான் சிரமம். நம்மள அவர் பார்த்ததே கிடையாது, நாம அவரைத் தினமும் பார்க்கிறோம். நல்லவனா நடிக்கிறவர் களைப்புல முகம் சுளிச்சா, "திமிர் பிடிச்சவன்"னு பேர். வில்லன் ஒரு தடவை சிரிச்சாப் போதும், "தங்கமான மனுஷன்". அதனாலதான் நேர்ல பார்த்தா வில்லனெல்லாம் நல்லவங்கன்னு எல்லாரும் சொல்றாங்களோ என்னவோ.

எதிர்நீச்சல்ல ஆதி குணசேகரனா வந்த மாரிமுத்துவை எடுத்துக்குங்க. தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கத்துக்காரர். படம் இயக்கினவர். வீட்டுப் பெண்களை அடக்கி ஒடுக்குற பாத்திரத்துல அப்படியே பொருந்தினார். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்தப்பவே நெஞ்சு வலி வந்து போய்ட்டார். தினமும் ராத்திரி அவரைக் கரிச்சுக் கொட்டின எங்க தெருப் பொம்பளைங்க அன்னைக்கு அழுதாங்க. "வாய் நிறையத் திட்டினோமே"ன்னு ஒரு ஆச்சி புலம்பினதை நானே கேட்டேன்.

இப்ப எங்க அம்மா சொன்ன பதிலுக்கு வர்றேன்.

எங்க ஊர் மகாமாரியம்மன் கோயில்ல பங்குனி மாசம் பாடைக் காவடி எடுப்பாங்க, பலருக்குத் தெரிஞ்சிருக்கும். சாகக் கிடந்து பிழைச்சவங்க வேண்டுதல் இது. குடமுருட்டியில குளிப்பாட்டி, பச்சை மூங்கில் பாடையில பிணம் மாதிரி படுக்க வச்சு, நெத்தியில காசு ஒட்டி, முன்னால ஒருத்தர் தீச்சட்டி ஏந்தி, மேளத்தோட கோயிலைச் சுத்தி வருவாங்க. பூசாரி தீர்த்தம் தெளிச்சு விபூதி பூசினதும் எழுந்திருக்கணும்.

1984ல, எனக்குப் பதினாலு வயசுல மஞ்சக்காமாலை முத்திப் போய்ப் பிழைச்சேன். அடுத்த பங்குனியில பாடையில படுத்தேன். கண்ணை மூடியிருந்தாலும் அம்மா அழற சத்தம் வழி நெடுகக் கேட்டுச்சு.

கும்பகோணத்துலேருந்து வந்த அன்னைக்கு ராத்திரி, சோறு போட்டுக்கிட்டே அம்மா கேட்டாங்க.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதாடா? நீ பாடையில படுத்தப்ப அப்படி அழுதேனே, அப்ப நீ செத்தா போயிருந்த?"

எனக்குச் சாப்பாடு இறங்கல. "தப்பும்மா"ன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுந்து போய்ட்டேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு.

மச்சினன் மகளுக்கு இதைத்தான் பதிலா எழுதியிருக்கேன். அந்த நடிகர் இன்னொரு தடவை லிஃப்ட்ல வந்தா, இப்படி ஒரு அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்ன மனுஷரும் உங்க கூட்டத்துல இருந்தார்னு சொல்லச் சொன்னேன்.

மழை விட்டிருக்கு. வாய்க்கால் மடையைப் போய்ப் பார்க்கணும். வர்றேன்.